தைத்த நரம்பு எதைப் பற்றிக்கொண்டு வளர்கிறது?

சகோதரி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். ஜூலைத் தொடக்கத்தில் கரும்பு வெட்டும்போது கத்தி நழுவி, உங்கள் கணவரின் இடது மணிக்கட்டின் உட்புறம் ஆழமாக வெட்டுப்பட்டது. கட்டைவிரல் பக்கத்து விரல்களுக்கு உணர்வு தரும் மீடியன் நரம்பை அன்றிரவே தைத்தார்கள். நான்கு மாதம் ஆகியும் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் மரத்தே கிடக்கின்றன. "துணைச் செல்கள் இருக்கின்றன, நரம்பு தானாக வளரும்" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். லாமினின் என்னும் புரதத்தை ஊசியாகச் செலுத்தினால் விரைவாக வளரும் என்றும், வெளிநாட்டில் ஸ்டெம் செல்லோடு சேர்த்துச் செலுத்துகிறார்கள் என்றும் வேறொருவர் சொல்லியிருக்கிறார். கடன் வாங்கிப் போகலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் உண்மையில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன: நரம்பை வளரச் செய்வது எது என்பது ஒன்று, அதை வெளியிலிருந்து வாங்கிச் செலுத்த முடியுமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு இன்றைய நிலையில் முடியாது என்பதே என் பதில். ஆனால் அந்த விடை உங்களுக்கு நம்பிக்கையிழப்பாகத் தோன்றாமல் இருக்க வேண்டுமானால், முதல் கேள்விக்கு நான் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நான் சென்னையில் கை அறுவை மருத்துவம் பயின்று, கடந்த 22 ஆண்டுகளாக இந்த மொரீஷியஸ் தீவில் வெட்டுப்பட்ட கைகளையே பெரும்பாலும் பார்த்து வருபவன். உங்கள் கணவரின் கையை நான் பார்க்கவில்லை. ஆகவே அவருக்கு எவ்வளவு திரும்பும் என்று நான் சொன்னால் அது ஊகமாகத்தான் இருக்கும். பொதுவாக நடப்பது என்ன, அதில் உறுதியானது எது, இன்னும் ஆய்விலேயே இருப்பது எது என்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திவிட்டுத் தொடர்கிறேன். நம் பேச்சில் நரம்பு என்பது பல பொருள்களைத் தாங்கி நிற்கிறது. கையில் நீலமாகப் புடைத்துத் தெரியும் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். விரலை மடக்கும் வெண்மையான தசைநாணையும் நரம்பு என்கிறோம். யாழின் தந்திக்கும் பழந்தமிழில் அதே பெயர்தான். மணிக்கட்டு வெட்டில் இரத்தக் குழாய், தசைநாண், உண்மையான நரம்பு மூன்றும் ஒன்றாகவே அறுபடுவது வழக்கம் என்பதால், "நரம்பைத் தைத்தோம்" என்று கேட்ட குடும்பத்தார் விரல் மடங்குவதைப் பார்த்து நரம்பு சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வதும், பிறகு மரமரப்பு நீங்கவில்லையே என்று கலங்குவதும் நான் அடிக்கடி காண்பது. தசைநாண் கயிறு போன்றது; இரு முனைகளையும் சேர்த்துத் தைத்தால் அந்த இடத்திலேயே ஒட்டிக்கொள்கிறது. நான் இங்கே பேசும் நரம்பு அப்படி ஒட்டுவதில்லை. மூளைக்கும் தோலுக்கும் இடையே செய்தி கொண்டுபோகும் அந்த நரம்பில், தையலுக்கு அப்பால் விரல் பக்கமாக இருந்த இழைகள் எல்லாம் அழிந்துபோகின்றன. மணிக்கட்டிலிருந்து விரல்நுனி வரை அவை புதிதாக வளர்ந்துதான் தீர வேண்டும்.

ஏனென்றால் ஒவ்வொரு நரம்பிழையும் ஒரு செல்லின் நீண்ட கரம். அந்தச் செல்லின் உடல் கையில் இல்லை. உணர்வு இழைகளுக்குக் கழுத்தெலும்புகளின் பக்கவாட்டில் உள்ள முடிச்சுகளிலும், தசையை இயக்கும் இழைகளுக்குத் தண்டுவடத்தினுள்ளும் இருக்கிறது. விரல்நுனியில் இருக்கும் இழைக்கு வேண்டிய பொருள்கள் எல்லாம் அங்கே தயாராகி, ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம் வந்து சேர்கின்றன. வெட்டு அந்த வழியைத் துண்டித்துவிடுகிறது. 1850-இல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆங்கிலேய மருத்துவர் தவளையின் நாக்குக்குச் செல்லும் நரம்பை அறுத்து, அறுந்த இடத்துக்கு அப்பால் இருக்கும் பகுதி சிதைந்துபோவதை நுண்ணோக்கியில் கண்டு எழுதினார். மனிதரிலும் ஒரு வாரம் முதல் பத்து நாளுக்குள் அந்தப் பகுதி மின்செய்தி கடத்தும் ஆற்றலை முற்றிலும் இழக்கிறது. தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இது நடந்தே தீரும். ஆகவே மரத்துப்போயிருப்பதை வைத்து மட்டும் தையல் தோற்றுவிட்டது என்று முடிவு செய்ய வேண்டாம்.

இனி உங்கள் மருத்துவர் குறிப்பிட்ட துணைச் செல்கள். இவற்றிற்கு ஷ்வான் செல்கள் என்று பெயர். 1839-இல் தம் ஆய்வை வெளியிட்ட ஜெர்மானியர் தியோடர் ஷ்வானின் பெயரால் அழைக்கப்படுகின்றன. நலமான நரம்பில் இச்செல் ஒவ்வொன்றும் ஒரு தடித்த இழையின் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வரையிலான நீளத்தை மயலின் என்னும் கொழுப்பு உறையால் பலமுறை சுற்றிப் பொதிந்து, செய்தி விரைந்து பாய உதவுகிறது. இழை சிதைந்ததும் இச்செல்கள் அதனோடு சாவதில்லை. இதுதான் இந்த முழு விவகாரத்தின் உயிர்நிலை. அவை தம் பழைய தொழிலை விட்டுவிட்டு வேறொரு தொழிலுக்கு மாறுகின்றன. சி-ஜூன் என்னும் ஒரு புரதம் செல்லின் உட்கருவில் பெருகி, உறை கட்டும் மரபணுக்களை அடக்கி, பழுது பார்க்கும் மரபணுக்களை எழுப்புகிறது. எலிகளின் ஷ்வான் செல்களில் அதை மட்டும் நீக்கிவிட்டால், அறுந்த நரம்பு மீள்வது மிகவும் குன்றிப்போகிறது.

மாறிய செல் செய்யும் முதல் வேலை துப்புரவு. தான் கட்டிய மயலினைத் தானே உள்ளிழுத்துச் செரிக்கிறது. எஞ்சியதை அகற்ற இரத்தத்திலிருந்து மேக்ரோஃபேஜ் என்னும் விழுங்கு செல்களை வேதிப்பொருள் அனுப்பி அழைக்கிறது. சிதைந்த மயலினில் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்கள் இருப்பதால் இந்தத் துப்புரவு முடியாமல் புதிய இழை முன்னேற முடியாது. தண்டுவடத்தில் அறுந்த இழைகள் மீளாமைக்கு ஒரு காரணம், அங்கே இக்குப்பை ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடப்பது. 1981-இல் கனடாவின் மாண்ட்ரியலில் ஆல்பர்ட் அகுவாயோவும் சாமுவேல் டேவிட்டும் எலிகளில் ஓர் ஆய்வு செய்தார்கள். காலிலிருந்து எடுத்த நரம்புத் துண்டின் ஒரு முனையை மூளைத்தண்டிலும் மறுமுனையைத் தண்டுவடத்திலும் பொருத்தினார்கள். வளரவே மாட்டா என்று கருதப்பட்ட தண்டுவட இழைகள் அந்தத் துண்டுக்குள் புகுந்து ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் வளர்ந்தன. மறுமுனையில் மீண்டும் தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் சற்றுத் தூரத்திலேயே நின்றுவிட்டன. வளரும் ஆற்றல் இழையில் மட்டும் இல்லை, அது ஊர்ந்து செல்லும் நிலத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

அந்த நிலம் எப்படிப்பட்டது என்பதைச் சொல்கிறேன். துப்புரவு நடக்கும்போதே ஷ்வான் செல்கள் பெருகி, தம் வழக்கமான நீளத்தைவிட இரண்டு மூன்று மடங்கு நீண்டு, ஒன்றன்பின் ஒன்றாக வரிசைகட்டி நிற்கின்றன. ஒவ்வொரு வரிசையையும் சுற்றி, பழைய இழை இருந்த காலத்திலேயே அச்செல்கள் நெய்துவைத்த ஒரு மெல்லிய உறை குழாய்போல அப்படியே இருக்கிறது. அதற்கு அடித்தளப் படலம் என்று பெயர். குழாயும் உள்ளே வரிசையும் சேர்ந்ததுதான் புதிய இழைக்கு வழித்தடம். இத்தீவில் மேட்டு நிலத்து வீடுகளில் சூசூ என்னும் சௌசௌக் கொடியைப் பந்தலில் ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கொடியின் வேர் எவ்வளவு வலுவாக இருந்தாலும் பற்றிக்கொள்ளக் கம்பி இல்லாவிட்டால் அது தரையிலேயே தன்னைத்தானே சுற்றிக்கொண்டு கிடக்கும். நரம்பும் அப்படித்தான்: வழித்தடத்தைக் கண்டுகொள்ளாத இழைகள் அறுந்த இடத்திலேயே சுருண்டு, தொட்டால் மின்சாரம் பாய்ந்தாற்போல வலிக்கும் முடிச்சாகிவிடுகின்றன. நியூரோமா என்று மருத்துவர்கள் அழைப்பது அதைத்தான்.

லாமினின் இருப்பது அந்த அடித்தளப் படலத்தில். மூன்று புரதச் சங்கிலிகள் பின்னிச் சிலுவை வடிவில் அமைந்த பெரிய மூலக்கூறு அது. 1979-இல் எலியின் ஒரு கட்டியிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. அதில் பல வகைகள் உண்டு; புற நரம்புகளில் முதன்மையானதை 211 என்ற எண்ணால் குறிப்பிடுகிறார்கள். இது தனியாக மிதப்பதில்லை. நான்காம் வகைக் கொலாஜன் ஒரு வலையாக விரிந்திருக்க, லாமினின்கள் தம்மோடு தாமே கோத்துக்கொண்டு இன்னொரு வலையாகி, நிடோஜன் என்னும் சிறு புரதத்தின் துணையால் முதல் வலையோடு பிணைந்து நிற்கின்றன. வளரும் இழையின் முனையில், கையின் விரல்களைப்போல நீண்டு துழாவும் நுண்கரங்கள் இருக்கின்றன. அவற்றின் மேற்பரப்பில் உள்ள இன்டெக்ரின் என்னும் பிடிகள் லாமினினைப் பற்றும்போது, பற்றிய செய்தி செல்லுக்குள் போய், உள்ளிருக்கும் இழைச்சட்டத்தை அத்திசையில் நீளச் செய்கிறது. ஷ்வான் செல்லுக்கும் லாமினின் வேண்டும். டிஸ்ட்ரோகிளைக்கான் முதலிய ஏற்பிகள் வழியாக அதைப் பற்றிக்கொண்டுதான் அது இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து மீண்டும் மயலின் சுற்றுகிறது.

உறுதியானது என்று இந்தப் பகுதியில் நான் கருதுபவை இவை. எலிகளின் ஷ்வான் செல்களில் மட்டும் லாமினினின் ஒரு சங்கிலிக்குரிய மரபணுவை நீக்கினால், இழைகளைப் பிரிப்பதும் உறையிடுவதும் கெட்டு, அறுந்தபின் மீள்வதும் குன்றுகிறது. லாமினினை எதிர்ப்பொருள்களால் மூடிவிட்டால், நரம்புத் திசுவின் மேல் இழைகள் வளரும் நீளம் குறைகிறது. மனிதரில் இரண்டாம் ஆல்ஃபா சங்கிலியின் மரபணு பழுதானால் பிறவியிலேயே தசை நலிவு நோய் வருகிறது. அவர்களுடைய நரம்புகளிலும் மயலின் குறைபாடு காணப்படுகிறது. இதே சங்கிலியைத்தான் தொழுநோய்க் கிருமியும் பற்றிக்கொண்டு ஷ்வான் செல்லுக்குள் நுழைகிறது என்று 1997-இல் தெரியவந்தது. என் பயிற்சிக் காலத்தில் தொழுநோயால் விரல் மடங்கிப்போன கைகள் பலவற்றைத் தமிழ்நாட்டில் பார்த்தேன். நரம்பை வளர்க்கும் பிடிமானமே நோய்க்கும் கதவாக இருந்தது என்று பின்னர் படித்தபோது, அந்தக் கைகள் நெடுநாள் என் நினைவை விட்டு அகலவில்லை.

சுவீடனில் கோரன் லுண்ட்போர்க் குழுவினர் 1980-களில் எலியின் காலுக்குச் செல்லும் சயாட்டிக் நரம்பில் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, இரு முனைகளையும் ஒரு சிலிகான் குழாயின் இரு பக்கத்திலும் பொருத்தினார்கள். வெற்றுக் குழாய்தான், உள்ளே எதையும் வைக்கவில்லை. முதலில் திரவம் நிரம்பியது. ஒரு வாரத்துக்குள் இரத்தம் உறையும்போது உண்டாகும் ஃபைப்ரின் ஒரு பாலமாகக் குறுக்கே அமைந்தது. அதன்மேல் இரு பக்கத்திலிருந்தும் ஷ்வான் செல்களும் இரத்தக் குழாய்களும் புகுந்தன. பின்னால் இழைகள் வந்தன. மறுபக்கத்தில் நரம்பு முனை வைக்காதபோது இழைகள் குழாயைக் கடக்கவில்லை. இடைவெளியை 15 மில்லிமீட்டராக்கியபோது பாலமே அமையவில்லை. முனைகள் நெருங்கியிருந்தால் உடல் தானே பாலம் கட்டுகிறது. தொலைவு கூடினால் கைவிட்டுவிடுகிறது. நாங்கள் நுண்ணோக்கியின் கீழ் இரு முனைகளையும் இழுவிசை இல்லாமல் சேர்க்கப் பாடுபடுவதற்குக் காரணம் இதுதான். முனையைச் சிறிது சிறிதாகச் சீவும்போது, நசுங்கிய பகுதி போய், கட்டாகக் கட்டிய ஊதுபத்திகளின் முகம்போல இழைக்கற்றைகள் தனித்தனியாகப் பிதுங்கித் தெரியும். அவற்றின் அமைப்பையும், மேலே ஓடும் முடியளவு இரத்தக் குழாயையும் அடையாளமாகக் கொண்டு இரு முகங்களையும் பொருத்தி, தலைமுடியைவிட மெல்லிய நைலான் நூலால் உறையை மட்டும் தைக்கிறோம். இழைகளைத் தைக்க எவராலும் இயலாது. வழித்தடங்களை எதிரெதிரே நிறுத்துவதே நாங்கள் செய்யக்கூடியது. மற்றதை ஷ்வான் செல்களிடம் விட்டுவிடுகிறோம்.

உங்கள் தாமதக் கணக்குக்கு இப்போது வருகிறேன். இழை தையலைக் கடப்பதற்கே மூன்று நான்கு வாரம் ஆகிவிடுகிறது. கடந்தபின் நாளொன்றுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வளர்கிறது. மணிக்கட்டிலிருந்து வளர்ந்த ஆண் ஒருவரின் சுட்டுவிரல் நுனி 17 அல்லது 18 சென்டிமீட்டர் இருக்கும். நான்கு மாதத்தில் முதல் மாதத்தைக் கழித்தால் 90 மில்லிமீட்டர், அதாவது இழைகள் இந்நேரம் உள்ளங்கையைக் கடந்து விரல்களின் அடிப்பகுதியை நெருங்கிக்கொண்டிருக்க வேண்டும். விரல்நுனி இன்னும் மரத்திருப்பது இந்தக் கணக்கின்படி எதிர்பார்க்க வேண்டியதே. நுனியை எட்டுவதற்கு ஏழெட்டு மாதம் ஆகலாம். எட்டியபின் மயலின் சுற்றவும், தொடுவுணர்வு தெளிவடையவும் மேலும் ஓராண்டு, ஈராண்டு ஆகும். கட்டைவிரலின் அடிச்சதைக்குப் போகும் கிளை அருகிலேயே பிரிவதால், அங்கே முதல் அசைவு நாலு முதல் ஆறு மாதத்துக்குள் தென்படக்கூடும்.

ஆனால் இந்த வழித்தடம் என்றென்றும் காத்திருப்பதில்லை. பழுது பார்க்கும் நிலைக்கு மாறிய ஷ்வான் செல்கள், இழை வந்து சேராமல் மாதங்கள் கழிந்தால் தம் ஆற்றலை இழக்கின்றன. இழையை வளரத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகளைச் சுரப்பது குறைகிறது, சில செல்கள் மடிந்தும்போகின்றன. தசையும் 12 முதல் 18 மாதத்துக்குமேல் நரம்பின்றி இருந்தால் நாராக மாறிவிடுகிறது. மஹேபூர் பக்கத்து மீனவ இளைஞர் ஒருவர் உடைந்த கண்ணாடியில் மணிக்கட்டு வெட்டுண்டு, வேறோரிடத்தில் தோலை மட்டும் தைத்து அனுப்பப்பட்டு, பதினான்கு மாதம் கழித்து என்னிடம் வந்தார். முனைகள் விலகியிருந்தன; கணுக்காலிலிருந்து ஒரு நரம்புத் துண்டை எடுத்து இடையில் ஒட்டினேன். விரல்களில் சூடு குளிர் அறியும் உணர்வு திரும்பியது. கட்டைவிரலின் அடிச்சதை திரும்பவேயில்லை. பின்னர் வேறொரு விரலின் தசைநாணை மாற்றிப் பொருத்தித்தான் அவர் வலையைப் பற்றிப் பிடிக்க முடிந்தது. உங்கள் கணவருக்கு அன்றிரவே தைத்திருக்கிறார்கள். அவருக்குக் கிடைத்த மிகப் பெரிய சிகிச்சை அதுவே என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இப்போது லாமினின் ஊசி. லாமினின் அவ்வளவு முக்கியம் என்றால் அதைச் செலுத்துவதில் என்ன தவறு என்று கேட்பது இயல்பு. அதன் பயன் அது இருக்கும் ஒழுங்கில் இருக்கிறது. குழாயின் உட்சுவரில், இழை போக வேண்டிய திசையில், கொலாஜன் வலையோடு பிணைந்து நிற்கும்போதுதான் அது வழிகாட்டுகிறது. திரவமாக ஊசியில் ஏற்றித் தழும்புக்குள் செலுத்தினால் திசை ஏதுமற்ற பொருளாகப் பரவும். அதற்கும் மேலாக, உங்கள் கணவரின் நரம்பில் அது குறைவாக இல்லை. அவருடைய ஷ்வான் செல்களே அதை நெய்து வைத்திருக்கின்றன. வளர்ச்சிக் காரணிகளைச் செலுத்துவதிலும் இதே சிக்கல் உண்டு. ஜிடிஎன்எஃப் என்னும் காரணியை விலங்குகளின் நரம்பில் ஓரிடத்தில் மிகையாகச் சுரக்கச் செய்தபோது, இழைகள் அவ்விடத்தை விட்டு நகராமல் அங்கேயே சுருண்டு பெருகின. பந்தியில் பரிமாறிக்கொண்டே இருந்தால் இலையை விட்டு எழுந்து போக யாருக்கும் மனம் வராதல்லவா, அதைப்போல.

நரம்பில் பெரிய இடைவெளி உள்ளவர்களுக்கு இந்த அறிவு உண்மையாகவே பயன்பட்டிருக்கிறது. இறந்தவர்கள் தானமாகத் தந்த நரம்பிலிருந்து செல்களை எல்லாம் நீக்கிவிட்டு, லாமினினோடு கூடிய குழாய்களை மட்டும் காத்துப் பயன்படுத்தும் முறை இன்று வழக்கில் இருக்கிறது. கொலாஜன் குழாய்களும் இருக்கின்றன. இடைவெளி சிறிதாக இருந்தால், குறிப்பாக உணர்வு நரம்புகளில், இவை நன்றாகவே பலன் தருகின்றன. நீண்ட இடைவெளிக்கு நோயாளியின் சொந்த நரம்புத் துண்டே இன்றும் முதல் தேர்வு. ஏனெனில் அதில் குழாயோடு உயிருள்ள ஷ்வான் செல்களும் இருக்கின்றன. வெறும் குழாய் வழியே நெடுந்தூரம் இழை போவதில்லை, செல்கள் முன்னே போய் வழி அமைக்க வேண்டும் என்பது விலங்கு ஆய்வுகளில் நன்கு நிலைபெற்ற உண்மை. உங்கள் கணவருக்கு முனைகள் நேரடியாகச் சேர்ந்திருப்பதால் இவை எதுவும் தேவைப்படவில்லை.

ஐயத்துக்குரியவை என்று நான் ஒதுக்கி வைப்பவை வேறு. சோதனைச்சாலையில் பெருக்கிய ஷ்வான் செல்களை அமெரிக்காவின் மயாமியில் மிகச் சில நோயாளிகளுக்கு நரம்புத் துண்டோடு சேர்த்து வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பானதா என்று பார்க்க அது உதவும், பலனை நிறுவ அது போதாது. ஸ்டெம் செல்கள் எலிகளில் நல்ல முடிவுகளைத் தந்திருக்கின்றன. எலியின் காலில் நரம்பு போக வேண்டிய தூரம் சில சென்டிமீட்டர், அதன் வளர்ச்சி வேகமும் நம்மைவிட அதிகம். தைத்த நரம்புக்கு ஸ்டெம் செல் ஊசி போட்டால் விரைந்து குணமாகும் என்று பெரிய, ஒப்பிட்டுச் செய்த மனித ஆய்வு எதுவும் நிறுவவில்லை. அறுவை முடிந்த கையோடு நரம்புக்கு ஒரு மணிநேரம் மெல்லிய மின்தூண்டல் தருவது எனக்கு அதைவிட நம்பிக்கையளிக்கிறது. மனிதரில் சிறு ஆய்வுகள் சாதகமாக வந்துள்ளன, ஆனால் அது தைக்கும் வேளையை ஒட்டிச் செய்ய வேண்டியது. வைட்டமின் பி12 குறைவாக இருந்தால் மாத்திரை கட்டாயம் வேண்டும். குறையாதவருக்கு அது அறுந்த நரம்பை விரைவுபடுத்தும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. ஆகவே வெளிநாட்டு ஊசிக்காகக் கடன் வாங்க வேண்டாம் என்று உங்களை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். நரம்புக்காகக் கடன்பட்டு, பிள்ளைகளின் படிப்பை நிறுத்திய ஒரு குடும்பத்தை நான் அறிவேன். நரம்பு தன் வேகத்தில்தான் வளர்ந்தது.

நீங்கள் செய்யக்கூடியவை உண்டு, அவை செலவில்லாதவை என்பதால் எளியவை என்று எண்ண வேண்டாம். முதலில் அவருடைய இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். நம் தீவில் பெரியவர்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. கட்டுப்படாத சர்க்கரை, நரம்புக்குச் செல்லும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் ஷ்வான் செல்களின் வேலையையும் சேர்த்தே கெடுக்கிறது. புகைப்பவராக இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். விரல் மூட்டுகள் இறுகிவிடாமல் தினமும் மறுகையால் மடக்கி நீட்ட வேண்டும். நரம்பு வந்து சேரும் நாளில் மூட்டு இறுகியிருந்தால் அந்த வளர்ச்சிக்குப் பயனில்லாமல் போகும்.

அடுத்து, உணர்வில்லாத விரலைக் காப்பது. என்னிடம் வந்த ஒரு பெண்மணி ஃபராத்தா சுடும்போது தவாவின் ஓரத்தில் சுட்டுவிரல் பட்டிருப்பதை, தோல் கருகும் வாடை வந்தபிறகே அறிந்தார். நரம்பு நன்றாக வளர்ந்துகொண்டிருந்த விரல் அது. உங்கள் கணவர் சூடான பாத்திரம், தேநீர்க் குவளை, மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய் எதையும் அந்தக் கையால் தொட வேண்டாம். வரும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்க நேர்ந்திருந்தால், எடுக்கலாமா என்று அவருடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கற்பூரத் தட்டை மட்டும் மற்றவர் ஏந்தட்டும். குளிர் காலத்தில், முக்கியமாக கியூர்பீப் போன்ற மேட்டுப் பகுதிகளில், அந்த விரல்கள் மற்றவற்றைவிட அதிகம் வலிக்கும். கையுறை போட்டுக்கொண்டால் போதும், அது நரம்பு கெட்டதன் அறிகுறி ஆகாது.

உணர்வு திரும்பத் தொடங்கும்போது அது பழையபடி இருக்காது என்பதையும் அவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். ஆயிரக்கணக்கான இழைகளில் பல, தம் பழைய குழாயைத் தவறவிட்டுப் பக்கத்துக் குழாயில் புகுந்திருக்கும். சுட்டுவிரலைத் தொட்டால் நடுவிரலில் தொட்டதுபோலத் தோன்றலாம். மூளை இந்தப் புதிய வரைபடத்தைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு அரிசி, உளுந்து, பஞ்சு, நாணயம் ஆகியவற்றைத் தொட்டு இனங்காண்பது, பிறகு கண்ணைத் திறந்து சரிபார்ப்பது என்று நாளுக்குப் பத்து நிமிடம் நாலைந்து முறை பழகலாம். கை மருத்துவப் பயிற்சியாளர் இதை முறையாகச் சொல்லித் தருவார். குழந்தைகளுக்கு இது மிக நன்றாக வருகிறது. வயது ஏற ஏறக் குறைகிறது. நாற்பதைக் கடந்தவருக்கும் ஓரளவு பயனுள்ள உணர்வு திரும்பும் வாய்ப்பு இருக்கிறது, முன்போலவே ஆகிவிடும் என்று மட்டும் நான் வாக்களிக்க மாட்டேன்.

வளர்ச்சி நடக்கிறதா என்பதை நீங்கள் வீட்டிலேயே ஓரளவு அறியலாம். உங்கள் விரல்நுனியால் அவருடைய விரலிலிருந்து தொடங்கி மணிக்கட்டை நோக்கி, நரம்பு ஓடும் வழியில் மெல்லத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓரிடத்தில் தட்டும்போது விரல்களுக்குள் சுரீரென்று ஓடுவதாக அவர் சொல்வார். வளரும் இழைகளின் முனை ஏறத்தாழ அங்கே இருக்கிறது. 1915-இல் பிரான்சில் டினெலும் ஜெர்மனியில் ஹாஃப்மனும் தனித்தனியே எழுதிவைத்த சோதனை இது. அந்த இடத்தைப் பேனாவால் குறித்து, தழும்பிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். மாதம் ஒருமுறை போதும், தினமும் தட்டினால் வலிதான் மிஞ்சும். மாதத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னேறினால் கலங்காமல் காத்திருங்கள். இப்போது, நான்கு மாதம் முடிந்த நிலையில், அந்தச் சுரீர் தழும்பின் மேலேயே நின்று அதற்கு அப்பால் எங்கும் வரவில்லை என்றால் இன்னும் காத்திருக்க வேண்டாம். இந்த வாரமே தைத்த மருத்துவரிடம் அந்தத் தாளை எடுத்துச் சென்று, அல்ட்ராசவுண்டும் நரம்புக் கடத்தல் சோதனையும் செய்து பார்க்கலாமா, நரம்பை மீண்டும் திறந்து பார்க்க வேண்டியிருக்குமா என்று கேளுங்கள்.